மத்திய அரசா, மாநில அரசா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தால் எம்.பி.யைத் திட்டுவதா, எம்.எல்.ஏ.வைத் திட்டுவதா என்பதில் தொடங்கி, ஆளுநர் ஒரு மசோதாவை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பது வரை, நம் மாவட்டத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. பதில்களில் சட்டமும் இருக்கிறது, என் கருத்தும் இருக்கிறது. எது எது என்று படிக்கும்போதே தெரியும்படி எழுதப் பார்த்திருக்கிறேன்.

அதிகாரம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது? ரொம்ப நீட்டாமல் சொல்ல முடியுமா?

அரசமைப்புச் சட்டத்தின் 7வது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. பாதுகாப்பு, வெளியுறவு, ரயில், அணுசக்தி போன்றவை மத்தியப் பட்டியலில். காவல்துறை, பொதுச் சுகாதாரம், விவசாயம், நிலம், உள்ளாட்சி போன்றவை மாநிலப் பட்டியலில். இரண்டு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடியவை பொதுப் பட்டியலில். 1950இல் தொடங்கியபோது முறையே 97, 66, 47 இனங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத புது விஷயம் வந்தால் அது 248வது பிரிவின்படி நாடாளுமன்றத்துக்குப் போகும்.

பொதுப் பட்டியலில் இரண்டு சட்டங்கள் மோதினால் 254வது பிரிவின்படி நாடாளுமன்றச் சட்டம்தான் நிற்கும். மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்திருந்தால் அந்த மாநிலத்துக்குள் அது நிற்கும். 2017இல் ஜல்லிக்கட்டு திரும்ப வந்தது இந்த வழியில்தான்.

சரி, பட்டியல் இவ்வளவுதான். ஆனால் பட்டியலை மட்டும் படித்துவிட்டு நம் ஊர் நடப்பைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு காரியத்தில் கடைசிக் கையெழுத்து யாருடையது, பணம் யார் கையிலிருந்து வருகிறது, கோப்பைத் தாமதப்படுத்த யாரால் முடியும் என்ற மூன்றையும் பார்த்தால்தான் உண்மையான தராசு தெரியும். கீழே வரும் பதில்கள் பலவற்றில் இந்த மூன்றும் வரும்.

கன்னியாகுமரி தமிழ்நாட்டுக்கு வந்ததே ஒரு சட்டத்தால்தானே? மாநில எல்லையை மாற்ற யாருக்கு அதிகாரம்?

நாடாளுமன்றத்துக்கு. அதுவும் சாதாரணப் பெரும்பான்மையில். 3வது பிரிவு சொல்வது அதைத்தான். சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் குடியரசுத் தலைவர் கேட்க வேண்டும். அந்தக் கருத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்து தனி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் மார்ஷல் நேசமணியும் நடத்திய போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் நடந்த துப்பாக்கிச் சூடு, பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரை எல்லாம் முன்னால் நடந்தவை. முடிவை எழுதியது டெல்லியில் நிறைவேறிய மாநில மறுசீரமைப்புச் சட்டம்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் சம்மதிக்காமல் அதன் நிலத்தைப் பிரித்து இன்னொரு மாநிலம் உருவாக்க முடியாது. இங்கே முடியும். இந்தியாவின் கூட்டாட்சி டெல்லிப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதே சாய்வுதான் நமக்குத் தமிழ்நாட்டையும் கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திருவனந்தபுரத்தின் சம்மதம் கட்டாயம் என்று எழுதியிருந்தால் இந்த மாவட்டம் எப்போது வந்திருக்குமோ!

பிரிந்தபோது கோவில்களும் அரண்மனையும் என்ன ஆயின?

கோவில்களுக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. 290A பிரிவின்படி, 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த பகுதிகளில் உள்ள கோவில்களின் பராமரிப்புக்காகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயை தேவசம் நிதிக்குக் கொடுக்க வேண்டும். கேரளம் தன் பங்காகத் திருவிதாங்கூர் தேவசம் நிதிக்கு 46 லட்சத்து 50 ஆயிரம். தொகையை எண்ணாகவே அரசமைப்புச் சட்டத்தில் எழுதிவைத்ததால் இன்றைய விலைவாசியில் அது சில்லறைக் காசுபோல் ஆகிவிட்டது. மாநிலம் கூடுதலாகக் கொடுப்பதற்கு இந்தப் பிரிவு தடை இல்லை.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். தக்கலைக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் டிக்கெட் கவுண்டரில் மலையாளத்தைப் பார்த்துத் திகைப்பார்கள்.

கடல் யாருடையது? மீன்பிடித் தடைக்காலத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரம். அதற்கு அப்பால் மத்திய அரசு. மத்தியப் பட்டியலின் 57வது இனம் ஆட்சிப்பகுதிக் கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடிப்பைத் தனியே எடுத்து டெல்லிக்குக் கொடுத்திருக்கிறது. உள்ளே தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983 பொருந்தும்.

தடைக்காலம் 61 நாள். 12 கடல் மைலுக்கு வெளியே மத்திய அரசின் உத்தரவு, உள்ளே மாநில அரசின் உத்தரவு, இரண்டும் ஒத்துப்போகும்படி அமையும். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலமும் வருவது நம் ஊர் விசேஷம். சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஏப்ரலில் கரையேறும்போது குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் படகுகள் கடலில் இருக்கும். சின்னமுட்டத்தில் தடை முடிந்து படகுகள் இறங்கும்போது இவை கட்டிக்கிடக்கும்.

இந்தப் பிரிவினை தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்குத்தான் அதிகம் உறைக்கும். அவர்கள் போகும் கடல் 12 மைலுக்கு எவ்வளவோ அப்பால். படகைப் பதிவு செய்வது, டீசல் மானியம், நிவாரணம் எல்லாம் மாநில மீன்வளத் துறையில். தொழில் செய்யும் கடலோ மத்திய அரசின் கீழ். ஒரு சிக்கல் வந்தால் இரண்டு பக்கமும் மனு எழுத வேண்டும்.

மீனவர்களை வேறு நாட்டுக் கடற்படை பிடித்துவிட்டால் முதல்வர் ஏன் கடிதம் மட்டும் எழுதுகிறார்?

வெளியுறவு முழுக்க மத்தியப் பட்டியல். ஒரு மாநில அரசு இன்னொரு நாட்டுடன் நேரடியாகப் பேச முடியாது. தூதரகத்தை அசைப்பது வெளியுறவு அமைச்சகம்தான். மாநிலத்தின் கையில் இருப்பது கடிதம், அனைத்துக்கட்சிக் குழு, குடும்பத்துக்கு உதவித்தொகை.

ஒக்கி புயல் சமயத்தில் பொறுப்பு யாருடையதாக இருந்தது?

2017 நவம்பர் 29, 30இல் ஒக்கி வந்தது. எச்சரிக்கை வலுப்பெற்றபோது ஆழ்கடலுக்குப் போனவர்கள் ஏற்கெனவே வெகுதூரத்தில் இருந்தார்கள். அப்போது நடந்ததைப் பற்றிக் கடற்கரை ஊர்களில் இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது. அதிகாரப் பங்கீட்டை மட்டும் சொல்கிறேன். வானிலை ஆய்வு மத்திய அரசு. எச்சரிக்கையைக் கரையிலுள்ள ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாநில நிர்வாகம். கடலில் தேடுவது கடலோரக் காவல் படையும் கடற்படையும், அதாவது மத்திய அரசு. நிவாரணம் மாநில அரசு வழியாக, ஒரு பகுதி மத்திய நிதியோடு.

பேரிடர் மேலாண்மை என்று எந்தப் பட்டியலிலும் ஓர் இனம் கிடையாது. 2005இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி தேசிய, மாநில, மாவட்ட ஆணையங்களை உண்டாக்கியது. மாநிலப் பேரிடர் நிதியில் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு 75 விழுக்காடு மத்திய அரசும் 25 விழுக்காடு மாநிலமும் போடுகின்றன. எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு வந்தது என்ற சண்டை ஒவ்வொரு புயலுக்கும் பின்னால் வருவது தேசியப் பேரிடர் நிதியிலிருந்து கிடைக்கும் கூடுதல் தொகையைப் பற்றியது. அதைத் தீர்மானிப்பது டெல்லி.

இனயம் துறைமுகத்தை மத்திய அரசு அறிவித்தது, மணல் ஆலையும் மத்திய அரசுடையது. அப்போ கடற்கரையில் மாநில அரசுக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நடுவில்தான், கடைசியில் இல்லை.

துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். பெருந்துறைமுகம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டவை மத்தியப் பட்டியல். மற்றத் துறைமுகங்கள் பொதுப் பட்டியலில் இருந்தாலும் நடைமுறையில் மாநிலங்களின் நிர்வாகம். பக்கத்தில் உள்ள விழிஞ்ஞம் அப்படிக் கேரள அரசு முன்னெடுத்த துறைமுகம்தான், 2025 மே 2 அன்று பிரதமர் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார் என்றாலும். குளச்சல் அருகே இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் இடம் கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள கோவளம், கீழமணக்குடிப் பக்கம் நகர்ந்தது. அங்கேயும் எதிர்ப்பு. திட்டம் நடக்கவில்லை. அதை நிறுத்தியது எந்தப் பட்டியலும் இல்லை, கரையோர மக்களின் போராட்டம்.

மணவாளக்குறிச்சி மணல் ஆலை விவகாரம் இன்னும் சிக்கல். கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுக் கனிமம். அணுசக்தி மத்தியப் பட்டியல், ஆலை நடத்தும் ஐஆர்இஎல் நிறுவனம் அணுசக்தித் துறையின் கீழ். கிள்ளியூர் தாலுகாவில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தில் குத்தகை ஆவணத்தை மாநிலம் கொடுக்க வேண்டும், அதற்கு மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதி மத்திய அமைச்சகம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். 2025 செப்டம்பரில் அணுக் கனிமத் திட்டங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. மாநில அரசு அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டது. சட்டத் திருத்தம் இல்லை, நாடாளுமன்ற விவாதம் இல்லை, ஒரு குறிப்பாணை. ஊர் மக்கள் மைக்கைப் பிடித்துப் பேசும் ஒரே கூட்டம் அதனால் இல்லாமல் போகலாம் என்பதுதான் எனக்கு இதில் பெரிய கவலை. மத்தியா மாநிலமா என்ற சண்டைக்கு முன்னால் இதைப் பேச வேண்டும்.

மாநிலத்துக்குச் சாதகமான செய்தியும் ஒன்று உண்டு. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, கனிமத்துக்கான ராயல்டி வரி ஆகாது, கனிம உரிமைகள் மீது வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 8க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. தமிழ்நாடு அதே ஆண்டில் கனிம வளமுள்ள நிலங்களுக்கான வரிச் சட்டம் இயற்றியது.

தூண்டில் வளைவு கேட்டால் ஏன் இத்தனை வருஷம் ஆகிறது?

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் இந்தக் கல் தடுப்பைக் கட்டுவது மாநில அரசு. ஆனால் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கையின் கீழ் அனுமதி வேண்டும், அந்த அறிவிக்கை 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போடுவது. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டை நிறைவேற்றுகிறோம் என்று சொல்லி, 253வது பிரிவைக் கொண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அது. வெளிநாட்டு உடன்பாடு ஒன்றைக் காட்டினால் மாநிலப் பட்டியல் விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்பது பலர் கவனிக்காத பெரிய கதவு.

நான்குவழிச் சாலை மத்திய அரசுடையதுதானே, அப்புறம் மண் கிடைக்கவில்லை என்று ஏன் வேலை நின்றது?

தேசிய நெடுஞ்சாலை மத்தியப் பட்டியல். போடுவது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஆனால் சாலையை உயர்த்தத் தேவையான மண் சிறுகனிமம். சிறுகனிமங்களுக்கு விதி எழுதும் அதிகாரத்தை மத்தியக் கனிமச் சட்டமே மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிறது. குளத்தில் மண் எடுக்க மாவட்ட நிர்வாகம் அனுமதிக்க வேண்டும், குளம் நீர்வளத் துறையுடையது அல்லது ஊராட்சியுடையது. நிலம் எடுக்கும் அதிகாரியும் மாநில வருவாய்த் துறைக்காரர்தான், மத்திய சட்டத்தின் கீழ் வேலை செய்கிறார்.

ஆக டெல்லி பணம் ஒதுக்கினாலும் இங்கே ஒரு தாசில்தார் அலுவலகக் கோப்பு நகரவில்லை என்றால் ஜேசிபி நகராது. மத்திய அரசிடம் எல்லா அதிகாரமும் குவிந்துவிட்டது என்று பேசும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து வரும் 44ஆம் எண் நெடுஞ்சாலை முடிவது நம் ஊரில்தான். அவ்வளவு தூரம் வந்த சாலையும் உள்ளூர் மண்ணுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேரளத்துக்குப் போகும் கல் லாரிகளை மாநில அரசு ஒரேயடியாக நிறுத்தலாமே?

கூட்டம் போட்டால் கைதட்டு வாங்கும் கேள்வி. பதில் அவ்வளவு எளிதில்லை.

குவாரி உரிமம் கொடுப்பது, ரத்து செய்வது, எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று விதிப்பது, நடைச்சீட்டு இல்லாத வண்டியைப் பிடிப்பது, கூடுதல் பாரத்துக்கு அபராதம் போடுவது, பள்ளிக்கூட நேரத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை விதிப்பது எல்லாம் மாநிலத்தால் முடியும். முடியாதது, வேறு மாநிலத்துக்குப் போகிறது என்ற ஒரே காரணத்துக்காக அனுமதியோடு வெட்டிய கல்லை எல்லையில் நிறுத்துவது. 301வது பிரிவு நாடு முழுக்க வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. பொதுநலனுக்காக மாநிலம் நியாயமான கட்டுப்பாடு கொண்டுவரலாம், அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வேண்டும். குஜராத் அரசு மணலை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகத் தடை விதித்து ஒரு விதி போட்டது. மாநிலத்துக்கு அப்படி விதி எழுதும் அதிகாரம் இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

எனவே லாரியைப் பற்றிக் கத்துவதைவிட குவாரி உரிமத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது பலன் தரும். மலையை வெட்ட அனுமதி கொடுப்பது சென்னையும் நாகர்கோவிலும்தான், டெல்லியோ திருவனந்தபுரமோ இல்லை.

நெய்யாறு இடதுகரைச் சானலில் தண்ணீர் வராததற்கு மத்திய அரசு ஏன் ஒன்றும் செய்யவில்லை?

தண்ணீர் மாநிலப் பட்டியல். பல மாநிலங்களில் ஓடும் ஆறுகள் என்றால் நாடாளுமன்றம் உள்ளே வரலாம். நெய்யாறு விஷயத்தில் அடிப்படைச் சண்டையே அங்கேதான். ஆறு முழுக்கத் தன் எல்லைக்குள் ஓடுகிறது என்பது கேரளத்தின் வாதம். அது பல மாநில ஆறுதான், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போட்ட பாசனத் திட்டம் அது என்பது தமிழ்நாட்டின் வாதம். 2004இல் விளவங்கோடு தாலுகாவுக்குத் தண்ணீர் நின்றது. 2012இல் தமிழ்நாடு 131வது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு மாநிலங்கள் மோதினாலோ மாநிலமும் மத்திய அரசும் மோதினாலோ நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகும் வழி அந்தப் பிரிவு.

மத்திய அரசு கூப்பிட்டுப் பேசலாம், தீர்ப்பாயம் அமைக்கலாம். கேரளத்து மதகைத் திறக்கச் சொல்லி உத்தரவு போட முடியாது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் நம் எல்லைக்குள் இருப்பதால் கோதையாற்றுப் பாசனத்தில் இந்தத் தலைவலி இல்லை.

நாகர்கோவில் ரயில் நிலையம் ஏன் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருக்கிறது?

ரயில்வே மத்தியப் பட்டியல். கோட்ட எல்லை மாநில எல்லையைப் பின்பற்ற வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மதுரைக் கோட்டத்தோடு சேர்க்கக் கேட்டுப் பல வருஷமாகக் கோரிக்கை இருக்கிறது. சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டாலும் முடிவு ரயில்வே அமைச்சகத்துடையது. இங்கே எம்.பி.தான் சரியான ஆள்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து வண்டிகள் இந்தப் பக்கம் வந்து பெட்ரோல் போடுவது ஏன்? ஜிஎஸ்டி வந்த பிறகும் விலை ஏன் வேறு?

பெட்ரோல், டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, குடிக்கும் மதுவும் அப்படியே. அவற்றில் மாநிலம் தானே வரி விதிக்கிறது. தமிழ்நாட்டில் வரி குறைவாக இருந்ததால் சில வருஷமாக இந்தப் பக்கம் விலை குறைவு. மாநிலத்துக்குச் சொந்தமாக வரி விகிதத்தை ஏற்றி இறக்கும் உரிமை மிச்சமிருக்கும் சில இடங்களில் அது ஒன்று.

மற்றதெல்லாம் 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி மன்றத்தில் முடிவாகிறது. அங்கே மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களும் சேர்ந்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எல்லா மாநிலங்களும் ஒரே பக்கம் நின்றாலும் டெல்லி வேண்டாம் என்றால் நடக்காது. டெல்லியும் தனியாக ஒன்றும் செய்ய முடியாது, அது உண்மை. மன்றத்தின் பரிந்துரை அரசுகளைக் கட்டுப்படுத்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எந்த மாநிலமும் தனி விகிதம் போடத் துணியவில்லை.

வரிப் பணத்தில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு திரும்ப வருகிறது?

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நிதி ஆணையம் தீர்மானிக்கும். 15வது நிதி ஆணையம், 2021-26 காலத்துக்குப் பகிரத்தக்க மத்திய வரிகளில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு என்றது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடாக இருந்தது. மக்கள்தொகை, வருமான இடைவெளி, பரப்பு, காடு முதலியவற்றை வைத்துப் போடும் கணக்கு. வருமானம் கூடிய மாநிலத்துக்குப் பங்கு குறையும் என்பது அதன் விதி. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போவது சரி என்றே நினைக்கிறேன். எனக்கு ஒட்டாதது வேறு. செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் கூடுதலாக வசூலிப்பதை மத்திய அரசு மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. பகிர வேண்டிய வரியைக் குறைத்துப் பகிர வேண்டாத செஸ்ஸைக் கூட்டினால் 41 என்ற எண் தாளில் அப்படியே இருக்கும், கைக்கு வருவது குறையும். பெட்ரோல் பில்லில் இது நன்றாகவே நடந்திருக்கிறது.

கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பினால் நீட் போய்விடுமா?

அது மட்டும் போதாது. 1976இல் 42வது திருத்தம் கல்வி, காடு, வனவிலங்குப் பாதுகாப்பு உள்ளிட்ட ஐந்தை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது, நெருக்கடி நிலைக் காலத்தில். அதைத் திருப்பக் கேட்பது நியாயமே. ஆனால் உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை நிர்ணயிப்பது அதற்கு முன்பிருந்தே மத்தியப் பட்டியலின் 66வது இனம். நீட்டுக்கு அந்த இனத்தையும் காட்டி வாதாடலாம். மேடையில் இதைச் சொல்பவர்கள் குறைவு.

இன்றுள்ள நிலையில் வழி, 254வது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். 2006இல் இயற்றிய சட்டத்துக்கு 2007இல் அது கிடைத்து, நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். நீட் விலக்கு மசோதாவுக்குக் கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலில் மறுப்பு தெரியவந்தது.

பணமும் இங்கே வருகிறது. மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடாததால், பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதாகத் தமிழ்நாடு 2025இல் உச்ச நீதிமன்றம் போனது. பட்டியலில் எந்த வரியையும் மாற்றாமலேயே ஒரு மாநிலத்தை எப்படி வழிக்குக் கொண்டுவரப் பார்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

ஆளுநர் மசோதாவை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

200வது பிரிவில் நாள் கணக்கு இல்லை. ஆளுநர் ஒப்புதல் தரலாம், சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம். திருப்பியனுப்பியதைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2023 நவம்பர் 18 அன்று 10 மசோதாக்களை மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், ஆளுநர் செய்தது தவறு, 10ம் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்து, கால வரம்பும் வகுத்தார்கள். குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதுவதும் அரசமைப்புக்கு ஏற்றதல்ல என்றது. காரணமில்லாமல் நெடுங்காலம் சும்மா இருந்தால் மட்டும் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம் என்றும் சொன்னது.

ஏழு மாதத்தில் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. எனக்கு முதல் தீர்ப்பின் நோக்கம் பிடித்தது. ஆனால் அதற்கு நிலையான வழி 200வது பிரிவைத் திருத்தி நாள் கணக்கை எழுதுவதுதான். திருத்துவது நாடாளுமன்றம். அங்கே மக்களவையில் நம் மாநிலத்துக்கு 39 எம்.பி.

மத்திய அரசு மாநில ஆட்சியைக் கலைக்குமா, இப்போதும்?

முன்போல் முடியாது. தமிழ்நாட்டிலேயே 1976, 1980, 1991 என்று கலைத்திருக்கிறார்கள். 1994 எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும், கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம், கூட்டாட்சி அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு என்ற நிலை வந்தது.

மாநில சுயாட்சி கேட்பது நாட்டைப் பிரிக்கக் கேட்பதா?

இல்லை. 1969இல் தமிழ்நாடு அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை கொடுத்தது, 1974இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. எல்லாம் அரசமைப்புக்குள் அதிகாரத்தைத் திரும்பப் பங்கிடுவது பற்றித்தான். மத்திய அரசே 1983இல் சர்க்காரியா ஆணையத்தையும் 2007இல் பூஞ்சி ஆணையத்தையும் அமைத்தது. 2025இல் தமிழ்நாடு நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழு அமைத்திருக்கிறது. அறிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை.

கலெக்டர் மத்திய அரசின் ஆளா? போலீஸ்?

கலெக்டர் ஐஏஎஸ். தேர்வு செய்வதும் பணிநீக்குவதும் மத்திய அரசு. பணியிடம், மாறுதல், சம்பளம், அன்றாட உத்தரவு மாநில அரசு. போலீஸ் மாநில அரசின் கீழ். ஆனால் தேசியப் புலனாய்வு முகமைக்கான என்ஐஏ சட்டத்தின் கீழ் ஒரு வழக்கை மத்திய அரசு எடுத்துக்கொள்ள மாநிலத்தின் சம்மதம் வேண்டாம். 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காவல்துறை அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு அப்படி என்ஐஏவுக்குப் போனது. சிபிஐக்கு மாநிலச் சம்மதம் வேண்டும். பொதுச் சம்மதத்தைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றது.

நான் ஒரு மனு கொடுக்க வேண்டும். எங்கே கொடுப்பது?

ரேஷன், பட்டா, குளம், குவாரி, ஊர்ச் சாலை, அரசு மருத்துவமனை, மாநில நெடுஞ்சாலை: நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாள், கூடவே எம்.எல்.ஏ. மாவட்டத்தில் ஆறு தொகுதி, உங்களுடையது எது என்று வாக்காளர் அட்டையில் இருக்கும். ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால், பாஸ்போர்ட், வருங்கால வைப்பு நிதி, ரப்பர் இறக்குமதி வரி: எம்.பி.யும் சம்பந்தப்பட்ட அமைச்சகமும். கடல், மணல், சுற்றுச்சூழல் என்றால் இரண்டு இடத்துக்கும் ஒரே மனுவின் நகலை அனுப்புங்கள், ஒருவர் மற்றவரைக் கைகாட்டும்போது பயன்படும்.

பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் கோப்பு இப்போது யார் மேஜையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது? மாநில அலுவலகம் என்றால் இரண்டாம் மேல்முறையீடு சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு, மத்திய அலுவலகம் என்றால் டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம், சரியான அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. ரிட் வழக்கென்றால் மத்திய அரசு மேல் போட்டாலும் மாநில அரசு மேல் போட்டாலும் முதலில் மதுரைதான், உயர் நீதிமன்றக் கிளைக்கு.